வண்டி யார் வாசலில் நிற்கும்?

கோம்பையில் எங்கள் இயற்கை விவசாயிகள் சேர்ந்து ஒரு சின்ன சரக்கு வண்டி வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கம்பெனி, எவ்வளவு முன்பணம், எத்தனை தவணை என்று மூன்று கூட்டம் ஓடிவிட்டது. வாங்கிய வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. "அதென்ன பெரிய விஷயம், தலைவர் வீட்டுக் களத்தில் நிறுத்திக்கலாம்" என்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2017-18ல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது. நூறு விவசாயிகள் கொண்ட ஒரு உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய். பல குழுக்கள் அதில் டிராக்டர், ரோட்டவேட்டர், பவர் டில்லர் வாங்கின. நல்ல திட்டம்தான். ஆனால் நான் போய்ப் பார்த்த சில ஊர்களில், இயந்திரம் யார் வீட்டில் நின்றதோ அவருடையதாகவே அது ஆகிப்போயிருந்தது. யாரும் திருடவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் கிடைக்கும், தூரத்தில் இருப்பவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை வாடகை வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். அவ்வளவுதான் நடந்தது.

நம்ம ஊர் நிலவரத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுவோம். உழவர் சந்தைக்குப் போக விடியற்காலை நாலு மணிக்குச் சாவி வேண்டும். கணவரை இழந்து தனியாகத் தோட்டம் பார்க்கிற அம்மா அந்த நேரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? காலனியிலிருந்து வருகிற உறுப்பினர் யார் வாசலில் நின்று "அய்யா, சாவி" என்று கேட்பார்? கேட்கக் கூசி அவர் வராமலேயே இருந்தால், சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருப்பார். பொதுக்கிணறு எந்தத் தெருவில் வெட்டினார்கள் என்பதைப் பார்த்தாலே ஒரு ஊரின் கதை தெரியும். பொது வண்டிக்கும் அதே கதைதான்.

அப்படியானால் கூட்டுறவு சங்க வளாகம்? பலரும் சொல்வது அது. பொது இடம், சுற்றுச்சுவர் உண்டு. ஆனால் சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே யூரியா மூட்டை இறங்குகிறது. நிற்கிற வண்டியை "ஒரு நடைதானே" என்று கேட்பார்கள், மறுக்க முடியாது. யூரியாவும் பூச்சிமருந்தும் ஏற்றிய தட்டில் மறுநாள் நம் காய்கறியை ஏற்றினால் சான்றிதழுக்கு என்ன பதில் சொல்வது? பி.ஜி.எஸ். ஆனாலும், அங்ககச் சான்றளிப்புத் துறை ஆனாலும், ரசாயனத்தோடு கலக்காமல் கொண்டுபோகிறோமா என்று கேட்கத்தான் செய்வார்கள். உரக்கடை பக்கமே வண்டி நிற்கக் கூடாது என்பது என் கட்சி.

சுவிட்சர்லாந்தில் 1987ல் இரண்டு சின்ன கூட்டுறவுக் குழுக்கள் காரைப் பங்கிட்டு ஓட்ட ஆரம்பித்தன. 1997ல் இரண்டும் சேர்ந்து மொபிலிட்டி என்ற கூட்டுறவு ஆனது. அவர்கள் கார்களை உறுப்பினர் வீட்டில் விடவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டியும், ஆள் நடமாட்டமுள்ள குறிப்பிட்ட இடங்களிலும் நிறுத்தினார்கள். எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது வழக்கம். நமக்கு ரயில் போடிக்குத்தான் வருகிறது. நம் ரயில் நிலையம் பஸ் ஸ்டாப்தான். அதை ஒட்டி, தெருவிளக்கு எரிகிற, விடியுமுன் திறக்கிற டீக்கடை பார்வையில் படுகிற இடம் கிடைத்தால் அதற்கு மேல் காவல் தேவையில்லை. பேரூராட்சி இடமாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனியார் இடம் என்றால் வாடகை கொடுங்கள், உறுப்பினர் இடமே ஆனாலும் சரி. கடன் கொடுத்து வசூலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடகை வாங்காத இடத்துக்குத்தான் கடைசியில் அதிக விலை.

ஆனால் தோட்டங்கள் பாதி மலையடிவாரத்தில் இருக்கின்றன, ஊருக்குள் நிறுத்தினால் டீசல் வீணாகாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போடலாம். ஒரு நடைக்குச் சும்மா போக 3, சும்மா திரும்ப 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நடைக்கு 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 10 லிட்டர் டீசல். அதை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம், கட்டணத்தைச் சந்தையிலிருந்து சந்தை வரை அல்ல, நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரை கணக்கிட்டு. தோட்டத்தில் நிறுத்தினால் மிச்சமாவது அந்த ஒருவருக்கு மட்டும்தான்.

சில்லறை விஷயங்களும் உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் தென்னைக்குக் கீழே நிறுத்தினால் கண்ணாடி மிஞ்சாது. நெல், தீவனக் கிட்டங்கி பக்கம் எலி ஒயரைக் கடிக்கும். சாண எரு ஏற்றிய தட்டைக் கழுவத் தண்ணீர்க் குழாய் வேண்டும். தேர் வருகிற தெரு ஆகாது. சாவியை எண் பூட்டுப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டால் போதும். செயலி எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யலாம். பதினைந்து நாளைக்கு ஒவ்வொரு உறுப்பினரும் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே வண்டி தேவைப்பட்டது என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழுதட்டும். அந்தத் தாள்களை மேசையில் பரப்பிவிட்டு இடத்தை முடிவு செய்வோம். முன்பணத்தை அதற்கப்புறம் கட்டலாம்.