மௌனத்தில் யாரை நினைப்பது?

வானொலியில் ஐந்து விநாடி சத்தம் வராவிட்டாலே எங்களுக்குப் பதற்றம்தான். ஆனால் ஜூலை 31, வீரர்கள் தினத்தில் மௌனம்தான் மரியாதை. 1960-இல் அவசரகாலம் முடிவுக்கு வந்த நாள் அது.

அந்த மௌனத்தில் யாரை நினைப்பது? கெடாவில் இருக்கும் நமக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. 1941 டிசம்பரில், கொட்டும் மழையில், ஜப்பானியப் படையை ஜித்ராவில் எதிர்த்து நின்றது 11-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள், பிரிட்டிஷ்காரர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். இரண்டே நாளில் பின்வாங்கினார்கள். அடுத்து குரூணிலும் சண்டை, உயிர்ப்பலி. அந்தப் போரில் மடிந்து, கல்லறை தெரியாமல் போன 24,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர்களுக்குப் பெயராவது கல்லில் இருக்கிறது. அதே போரில், நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. அவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் இல்லை, பால் மரம் வெட்டியவர்கள்.

இந்த வருடம் மௌனம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "நம்ம தோட்டத்துலருந்து சயாமுக்குப் போனவங்க யாரு யாரு?" கிடைக்கும் பெயர்களை எழுதி வையுங்கள். பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படிக்கட்டும்.