மாலைப் பொழுதும் மேடையும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றினர் முன்னோர். இவற்றுள் இயல்நூலை ஒருவர் தனித்திருந்து கற்கலாம்; இசையைத் தனித்திருந்து பாடி மகிழலாம். நாடகமோ அத்தன்மையது அன்று. பலர் ஓரிடத்தில், ஒரே வேளையில், ஒருமித்த கருத்தினராய்க் கூடினாலன்றி அக்கலை உருப்பெறாது. ஆதலின், நாடகத்திற்கு இன்றியமையாதவற்றுள் முதன்மையானது பட்டாடையும் அன்று, வண்ணத் திரையும் அன்று. பலருடைய பொழுதே ஆகும்.

நாடகக் குழுக்கள் இருவகைப்படும். நடிப்பையே பிழைப்பாகக் கொண்டோர் நடத்துவது தொழில்முறை நாடகம். பகலெல்லாம் வேறு தொழில் செய்து, கலையின்மேற்கொண்ட காதலால் மாலையில் கூடி நடிப்போர் நடத்துவது பயில்முறை நாடகம். பள்ளி ஆசிரியர், வங்கி எழுத்தர், கடைக்காரர், மருத்துவமனைச் செவிலியர் எனப் பலதுறையினரும் இக்குழுக்களில் இடம்பெறுவர். கூலி கருதி வருவோர் இவருள் எவரும் இலர்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடல் அரங்கேறுதற்கு வேண்டப்பட்டோரை வரிசைப்படுத்துகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர்க்குத் தனித்தனி இலக்கணம் கூறுகிறது. அரங்கின் அளவையும் வகுத்துரைக்கிறது. பயில்முறைக் குழுவிலோ இத்தகைய பணிகள் பலவும் ஒருவர் தலைமேல் விழுகின்றன. நாடகத்தைத் தேர்பவர் அவர். வேடங்களைப் பகிர்ந்தளிப்பவர் அவர். பாடம் மறந்தவர்க்கு அடியெடுத்துக் கொடுப்பவரும், விளக்கமைக்க ஆள் தேடுபவரும், அரங்க வாடகைக்கு அலைபவரும் அவரே. அவரே இயக்குநர் எனப்படுவார். இத்தனையையும் அவர் தம் அலுவல் முடிந்த பின்னரே செய்தல் வேண்டும்.

“உழைத்துக் களைத்தவர் வீட்டில் ஓய்வு கொள்ளாமல் மேடையைச் சுற்றித் திரிவது ஏன்? தொழில் தளரும், இல்லறம் வாடும், கலையும் அரைகுறையாகவே முடியும்” என்பர் சிலர். இவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும், நாடகக் கலைக்குப் புதுவழி கண்டோர் சிலர், பகலில் வேறு தொழில் செய்துகொண்டே அவ்வழியைத் தொடங்கினர் என்பதனை வரலாறு காட்டுகிறது.

பாரிசு நகரில் ஆந்திரே அந்துவான் என்பவர் எரிவாயு நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்துவந்தார். அவர் 1887ஆம் ஆண்டில், விடுதலை அரங்கு என்று பொருள்படும் பெயரால் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். மேடைக்கு வேண்டிய நாற்காலிகளையும் மேசையையும் வாங்கப் பொருள் இல்லை. எனவே, தம் அன்னையின் வீட்டிலிருந்த பொருள்களையே கைவண்டியில் ஏற்றி அரங்கிற்குக் கொண்டு சென்றார். மெய்யான வீட்டில் புழங்கிய பொருள்கள் மேடை ஏறியமை, வாழ்க்கையை உள்ளவாறே காட்டும் அவர்தம் நெறிக்கு மிகவும் பொருந்தியது. புதிய ஆசிரியர் பலர் அவ்வரங்கின் வாயிலாக உலகறியப் பெற்றனர்.

உருசிய நாட்டு இசுதானிசுலாவுசுக்கியின் வரலாறு மற்றொரு சான்றாகும். 1863ஆம் ஆண்டில் மாசுகோவில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர்க்குப் பொன்னிழையும் வெள்ளியிழையும் செய்யும் குடும்பத் தொழிற்சாலையை மேற்பார்க்கும் கடமை இருந்தது. தாம் நடிப்பது வீட்டாருக்குத் தெரியலாகாது எனக் கருதி அவர் சூடிக்கொண்ட புனைபெயரே பின்னர் உலகப் பெயராயிற்று. 1888ஆம் ஆண்டில் நண்பர்களோடு பயில்முறைக் குழுவொன்றை அமைத்தார். 1898ஆம் ஆண்டில் மாசுகோ கலை அரங்கைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். அதன் பின்னரும் நெடுங்காலம் தொழிற்சாலைக் கடமையை அவர் கைவிடவில்லை.

தமிழகத்திலும் இத்தகைய பெரியார் ஒருவர் தோன்றினார். பல்லாரியில் வழக்கறிஞராக விளங்கிய கிருஷ்ணமாச்சார்லு என்பவர், 1891ஆம் ஆண்டில் தம் குழுவுடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவற்றைக் கண்டு உள்ளம் கவரப்பெற்ற இளைஞரே பம்மல் சம்பந்த முதலியார். அவ்வாண்டிலேயே அவர் தம் நண்பர்களுடன் கூடிச் சுகுண விலாச சபையை நிறுவினார். பின்னர் வழக்கறிஞராகவும், சென்னைச் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார். பகலில் நீதிமன்றத்தில் வழக்குரைத்த நாவே மேடையில் மனோகரனாக முழங்கியது. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். சேக்சுபியரின் நாடகங்களுள் சிலவற்றை ‘அமலாதித்யன்’, ‘வணிபுர வணிகன்’, ‘விரும்பிய விதமே’ எனத் தமிழாக்கினார். நடிகரைக் கூத்தாடிகள் என இகழ்ந்துவந்த அந்நாளில், அவர் அமைத்த மேடையில் சத்தியமூர்த்தி போன்ற கற்றோரும் வேடம் புனைந்தனர். 1964ஆம் ஆண்டில் மறைந்த அவரது வாழ்வு, தொழிலும் கலையும் ஒருவரிடத்தே பகையின்றி வாழும் என்பதற்குத் தக்க சான்றாகும்.

இவர்கள் மூவர்க்கும் நாளொன்றுக்கு நாழிகை அறுபதே. பிறர்க்கில்லாத பொழுது ஒன்றும் இவர்க்கு வாய்த்திலது. கிடைத்த பொழுதை இன்ன பணிக்கு இவ்வளவு என வகுத்துக்கொள்ளாதார்க்கு இத்தகைய வாழ்வு கைகூடாது.

பயில்முறை இயக்குநர் ஒன்றை ஒருபோதும் மறத்தலாகாது. அவர் செலவிடுவது தம் பொழுதை மட்டும் அன்று. பிறர் பொழுதையும் ஆகும். பத்துப் பேர் நடிக்கும் நாடகம் ஒன்றற்கு 24 நாள் ஒத்திகை, நாளொன்றுக்கு 2 மணி நேரம் நடைபெறுவதாகக் கொள்வோர், நடிகர்தம் பொழுது 480 மணி ஆதலைக் காண்பர். இயக்குநர் நாள்தோறும் அரைமணி நேரம் தாழ்த்து வருவாராயின், பதின்மரும் வீணே காத்திருக்கும் பொழுது 120 மணியாகும். அஃதாவது, கொடுக்கப்பட்ட பொழுதில் காற்பங்கு பாழாகிவிடும். ஊதியம் பெறுவோர் காத்திருந்தால் அதற்கும் கூலி உண்டு. அன்பினால் வந்தோர் காத்திருந்தால் அதற்கு ஈடு யாது? அவர்கள் அங்கே இழப்பது தம் குழந்தையின் மழலையை. முதிய பெற்றோரின் அருகிருப்பை. அயர்ந்த உடலுக்குரிய உறக்கத்தை. ஆதலால், குறித்த வேளையில் தொடங்குதலும் குறித்த வேளையில் முடித்தலும் இயக்குநர்க்கு வெறும் ஒழுங்குமுறை அல்ல, அறமே ஆகும். மூன்றாம் காட்சியில் மட்டும் தோன்றுபவரை முதற்காட்சி ஒத்திகை முழுவதும் வாளா இருத்தி வைத்தலும் அவ்வறத்திற்கு மாறானதே.

இக்காலத்து இயக்குநர்க்கு மற்றொரு சோதனையும் உண்டு. அது கைப்பேசியும் இணையமும் ஆகும். இவற்றை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமை ஆகாது. தொலைநாட்டு மேடைகளில் நடைபெறும் நாடகங்களை வீட்டிலிருந்தே காணவும், கிடைத்தற்கரிய நாடக நூல்களைப் படிக்கவும், ஒத்திகை நாளை அனைவர்க்கும் ஒரு நொடியில் அறிவிக்கவும் இணையம் உதவுகிறது. முன்னோர் கனவிலும் காணாத வசதி அது. ஆயினும், அது பொழுதை மொத்தமாகக் கேட்பதில்லை. சிறிது சிறிதாகக் கவர்கிறது. நாடகத்தைப் பற்றிய உரையாடலில் நள்ளிரவு வரை ஈடுபட்ட ஒருவர், மறுநாள் ஒத்திகைக்குரிய காட்சியைப் படியாமலே வருதல் கூடும். கலையைப் பற்றிப் பேசுதல் கலை செய்தல் ஆகாது என்பதனை அவர் உணர்தல் நன்று. ஒத்திகைக் கூடத்தின் வாயிலில் ஒரு பெட்டியை வைத்து, இயக்குநர் முதலில் தம் கைப்பேசியை அதனுள் இடுவாராயின், ஏனையோர் சொல்லாமலே அவரைப் பின்பற்றுவர்.

இல்லத்தார்க்குரிய பொழுதும் தனியே வகுக்கப்படல் வேண்டும். மாலையெல்லாம் ஒத்திகைக்கே என்றால், வீட்டில் உள்ளோர் நாடகத்தையே பகையாகக் கருதுவர். வாரத்தில் இன்ன இரு மாலைகள் நாடகத்திற்கு எனக் குறித்து, மற்ற மாலைகளை வீட்டிற்கே விடுவோரிடம் அப்பகை தோன்றாது. இயக்குநர் பெண்ணாயின் இல்லத்தார் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். அவர் ஒத்திகைக்குச் செல்லும் மாலையில் அடுப்பையும் குழந்தையையும் பிறர் ஏற்றுப் பேணும் இல்லமே கலைக்கு மெய்யாக இடமளிக்கும் இல்லமாகும். அவ்வாறின்றி, இருமடங்கு சுமையை அவர்மீதே ஏற்றிவிட்டுப் பின்னர் அவர் கலையை மட்டும் பாராட்டுதல் பொருளற்றது.

வரவறிந்து செலவிடுதலும் இச்சமநிலையின் ஒரு கூறே. முன்னர்க் குறித்த அந்துவான், நாடகம் தொடங்கிய ஆண்டிலேயே தம் எழுத்தர் பணியை விடுத்தார். அவர் புகழ் வளர்ந்தது. கடனும் உடன் வளர்ந்தது. 1894ஆம் ஆண்டில் அவர் தாம் படைத்த அரங்கைவிட்டே விலக நேர்ந்தது. கலையார்வம் தகும்; ஆனால் வீட்டு உலையில் கைவைக்கும் ஆர்வம் நெடுநாள் நில்லாது. தொழிலில் நெருக்கடியோ வீட்டில் நோயோ உள்ள காலத்தில், இவ்வாண்டு நாடகம் இல்லை எனத் துணிந்து கூறுதலும் இயக்குநர்க்குரிய ஆற்றலே. ஓராண்டு ஒத்திவைத்த நாடகம் மீண்டும் மேடையேறும். முறிந்த உறவு எளிதில் ஒன்றுபடாது.

இவ்வாறு வரம்பு கட்டிக்கொண்டவர்க்கு மேடை ஒரு சுமையாகாது. பகலில் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் அவர் காணும் மனிதர்களின் நடையும் பேச்சும் நகையும் துயரும் மாலையில் அவர்தம் நாடகத்திற்கு உயிரூட்டும். மேடையில் பலரை இணக்கி வேலை வாங்கிய பொறுமை, மறுநாள் அவர் தொழிலிலும் வீட்டிலும் பயன்தரும். திரை விழுந்தபின் ஒப்பனையைக் கலைத்துவிட்டுத் தத்தம் வீட்டிற்கு விரையும் அப்பதின்மர், அடுத்த நாடகத்திற்கும் தாமே விரும்பி வருவாராயின், அவ்வியக்குநர் பொழுதின் அருமையை உணர்ந்தவர் என்பது தெளிவாகும்.