இரண்டு கம்பி, ஒரே காற்று!

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. அதிகாலை நேரம். ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வீடுகள் இருண்டன. மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை.

“ஒரு கம்பி போனால் என்ன? துணைக்கு இன்னொரு கம்பி இருந்தால் போதாதா?” என்று பலர் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

மின்சாரம் வரும் வழி

புதுவையின் மின்சாரத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, மின்சாரம் பிறக்கிறது. உயர்ந்த இரும்புக் கோபுரங்களில் ஓடும் கம்பிகள் அதைக் கொண்டு வருகின்றன. வில்லியனூர், பாகூர் துணைமின் நிலையங்களில் 2,30,000 வோல்ட் அழுத்தம் குறைக்கப்படுகிறது. பிறகு ஊர் டிரான்ஸ்பார்மர் வழியாக 230 வோல்ட்டாக வீட்டுக்குள் நுழைகிறது.

தப்பும் கணக்கு

ஒரு கம்பி 100 நாளில் ஒரு நாள் கெடும் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கு அதேபோல் இன்னொரு கம்பி. இரண்டும் ஒரே நாளில் கெடுவது 10,000 நாளில் ஒரு நாள்தான். அதாவது, சுமார் 27 ஆண்டுக்கு ஒருமுறை!

கேட்க இனிக்கிறது. ஆனால் ஒன்றின் கேடு மற்றதைத் தொடாதபோதுதான் இந்தக் கணக்கு பலிக்கும். இரண்டும் ஒரே கம்பத்தில் ஓடினால், ஒரே காற்று இரண்டையும் சாய்த்துவிடும். இரண்டு என்று நம்பியது உண்மையில் ஒன்றே.

ஜப்பானில் இதுதான் நடந்தது. 2011 மார்ச் 11-ந் தேதி பூகம்பத்தால் புகுஷிமா அணுமின் நிலையத்துக்கு வெளி மின்சாரம் நின்றது. உடனே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. தாழ்வான இடத்தில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின. ஒன்றுக்குப் பலவாக இருந்தும் பயனில்லை. மூன்று உலைகள் உருகின.

சங்கிலிபோல் ஒரு கேடு

இன்னொரு வகையும் உண்டு. நாலு பேர் தூக்கும் சுமையில் ஒருவர் கை நழுவினால், மற்ற மூவரும் தள்ளாடுவார்கள். 2012 ஜூலை 30-ந் தேதி அதிகாலை, மத்தியப் பிரதேசத்தில் பீனா-குவாலியர் கம்பி சுமை தாங்காமல் துண்டித்துக்கொண்டது. சுமை மற்ற கம்பிகள் மேல் பாய்ந்தது. அவையும் விலகின. வட இந்தியா இருண்டது. மறுநாளும் அதே கதை. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் நின்றது.

அன்று தென்னிந்தியா தப்பியது. காரணம், தெற்கின் மின்தொடர் வடக்கோடு நேராகப் பிணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் கம்பி வழியாகப் பிணைப்பு ஏற்பட்டது. இப்போது இங்கே பற்றாக்குறை வந்தால் அங்கிருந்து உதவி வரும். அதே வழியாகத் தொல்லையும் வரலாம். அதனால்தான் ஆபத்து நேரத்தில் ஒரு பகுதியை உடனே பிரித்துவிடும் தானியங்கிக் கருவிகள் அவசியமாகின்றன.

பாடம் என்ன?

2024 நவம்பர் 30-ந் தேதி ‘ஃபெஞ்சல்’ புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை! அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பாய்ந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. முதலில் காற்று, பிறகு வெள்ளம். காற்றுக்கு அஞ்சிக் கம்பியைத் தரைக்குள் புதைத்தாலும், அதன் இணைப்புப் பெட்டி வெள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

வீட்டுக்கும் இதே விதிதான். இன்வெர்ட்டரும் அதே மின்சாரத்தைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் பாட்டிதான் கெட்டிக்காரி. அந்தக் குடம் எந்தக் கம்பியையும் நம்பி இல்லை.

ஊருக்கு இரண்டாவது கம்பி வருகிறது என்றால் மகிழ்ச்சியே. அது வேறு வழியாக வருகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.