மலையேற்றத்தில் ஒளிந்து விளையாடும் மின்சாரம்

பசறைப் பகுதித் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்க்கும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். அவரிடம் 1965ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. பதுளை நகருக்குள் அது நல்ல பிள்ளையாக ஓடுகிறதாம். பண்டாரவளை நோக்கி ஏற்றம் தொடங்கியதும், இயந்திரம் ஒரு கணம் மூச்சடங்கி மறுகணம் தானே உயிர் பெறுகிறது. சில இரவுகளில் முன்விளக்குகளும் மங்கிவிடுகின்றன. நான்கு கராஜ்களில் காட்டியாயிற்று. கொயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பற்றரி யாவும் புதிதாய் மாற்றியாயிற்று. கராஜில் நிற்கையில் மட்டும் ஒரு குற்றமும் தென்படுவதில்லை. "அப்புத்தளைக்கு அப்பால் பெரகலை வளைவுகளில், பனிமூட்டத்தில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது விளக்கு அணைந்தால் என் செய்வேன்? விற்றுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

கேள்வி ஒருவருடையதாயினும் மலைநாட்டில் இது பலருடைய கவலை. ஆங்கிலேயத் துரைமார் காலத்திலேயே இம்மலைப் பாதைகளில் வேகக் கார் மோகம் வேரூன்றிவிட்டது. நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகித் துரைமார் போனபின்பும் அவர்தம் கார்கள் சில இங்கேயே தங்கிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழையதைப் பேணுவது பொழுதுபோக்காக இராமல் தேவையாகவே ஆயிற்று.

இனி நோய்க்கு வருவோம். முற்றாகச் செத்த உறுப்பைக் கண்டுபிடிப்பது எளிது. வந்துவந்து போகும் கோளாறு அப்படியன்று. அது பெரும்பாலும் உறுப்பில் இருப்பதில்லை. உறுப்பும் உறுப்பும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆகவேதான் அன்பரின் நான்கு கராஜ்காரரும் மாற்றிய சாமான்கள் பயன் தரவில்லை. முதலில் கேட்கவேண்டிய கேள்வி 'எந்த உறுப்பு?' என்பதன்று, 'எப்பொழுது?' என்பதே. சூடேறிய பின்னரா? மழைக்குப் பிறகா? குழியில் விழுந்தபோதா? மிதியை அழுத்தியபோதா? ஒரு கொப்பியில் இவற்றைப் பத்து நாள் எழுதி வைப்பது, புதிய கொயில் ஒன்றைவிட மலிவானது.

நல்லவேளையாக, அன்பரின் காரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மானி அந்த ஆண்டுக் கார்களில் மின்சாரத்தால் இயங்குவது. கொயிலுக்குச் செல்லும் மின்னோட்டமே அதனூடாகத்தான் போகிறது. இயந்திரம் மூச்சடங்கும் அந்தக் கணத்தில் அந்த முள்ளைப் பார்க்க வேண்டும். கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கையிலேயே முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால், தீப்பொறிச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. அவ்வாறன்றி இயந்திரத்தின் வேகத்தோடு மெல்ல மெல்ல இறங்கினால், மின்பொறி இருக்கிறது, பெற்றோல் வரவில்லை என்பது பொருள். ஓட்டுபவர் வீதியைத்தான் பார்க்கவேண்டும். முள்ளைப் பார்க்கும் வேலையை மகளிடம் ஒப்படைக்கலாம்!

முள் விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் குட்டைக் கம்பியைப் பார்க்க வேண்டும். மிதியின் அளவு மாறுந்தோறும் அங்குள்ள தட்டு வெற்றிட விசையால் சற்றே திரும்பும். அதனுடன் அந்தக் கம்பியும் வளையும். பல்லாண்டு வளைந்த பின் மேலுறை முழுதாயிருக்க, உள்ளிருக்கும் செப்பு இழைகள் மட்டும் அறுந்துவிடுகின்றன. கராஜில் சும்மா நிற்கும்போது தட்டு அசைவதில்லை. அறுந்த முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் மிதித்தால் பிரியும். மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பர்போல நீளும் கம்பி, அறுந்த கம்பி.

முள் மெல்ல இறங்கினால் காரின் அடியில் பின்புறமாக இருக்கும் எஸ்.யூ. பெற்றோல் பம்பைச் சந்தேகிக்கலாம். சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று ஒலித்து, நிரம்பியதும் அடங்குவது அதன் வழக்கம். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகினால் சமதரையில் சமாளித்து, பெற்றோல் அதிகம் வேண்டும் ஏற்றத்தில் கைவிடும். தட்டினால் உயிர் பெறும் பம்பு, நாளை தட்டினாலும் எழாது.

விளக்கு மங்குவது வேறு கதை, அச்சத்துக்குரியதும் அதுவே. இக்காரில் இருக்கைகளுக்குப் பின்னே, தரைக்கடியில், ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. அவற்றின் நேர்முனை காரின் உடலோடு சேர்கிறது. (1967இன் பிற்பகுதியிலிருந்து வந்த மாதிரிகளில் எதிர்முனை சேர்ந்தது. இக்காலக் கார்களிலேயே பழகிய கைகள் இதனை மறந்து மாற்றித் தொடுத்துவிடுவதுண்டு.) விளக்கிலிருந்து மின்சாரம் திரும்பும் பாதை அந்த இரும்பு உடலே. ஆடியில் கச்சான் காற்றின் புழுதியும் ஐப்பசி கார்த்திகையில் ஊவாவின் அடைமழையும் மாறிமாறி அடித்தால், உடலோடு கம்பி சேரும் திருகாணியில் துரு ஏறாதிருக்குமா?

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 வாற்று விளக்கு இரண்டுக்கு 12 வோல்ட்டில் 7.5 அம்பியர் வேண்டும். துருவேறிய இணைப்பில் அரை ஓம் தடை மட்டும் இருந்தாலும், ஏறக்குறைய 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. தொலைந்தது எங்கே போயிற்று? சுமார் 16 வாற்று வெப்பமாக அந்தச் சிறு திருகாணியிலேயே தங்கிவிடுகிறது. அது ஈயம் பற்றவைக்கும் சிறு கோல் ஒன்றின் சூடு.

சோதிப்பதற்கு மலிவான வோல்ட்மானி ஒன்று போதும். விளக்குகளை எரியவிட்டு, மானியின் ஒரு நுனியைப் பற்றரியின் நேர்முனையிலும் மறு நுனியை விளக்கின் உலோக உறையிலும் வைக்கவேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் பாதையில் தடையிருக்கிறது. மானியை அவ்வாறே வைத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பையும் அசைக்க, எதனை அசைக்கும்போது முள் துள்ளுகிறதோ அதுவே கள்ளன். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிறீஸ் பூசினால் போதும்.

கம்பிகளின் நிறமும் வழிகாட்டும். பழுப்பு எப்பொழுதும் உயிருள்ளது, வெள்ளை சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது, பச்சை பியூஸைக் கடந்து வருவது, நீலம் முன்விளக்குக்கு, கறுப்பு உடலுக்கு. இடையில் யாரோ கைக்கு அகப்பட்ட சிவப்புக் கம்பியால் ஒட்டுப்போட்டிருந்தால் அங்கேதான் முதலில் தேடவேண்டும். லூக்காஸ் கம்பனியின் மின்சாதனங்களை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள். நம் எண்ணத்தில் அது பாதி அநியாயம். அறுபது ஆண்டுப் பழைய கம்பியின் குறையும், பிறர் போட்ட ஒட்டுக்களின் குறையும் சேர்ந்து அவர்கள் தலையில் விழுகின்றன.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். பியூஸ் எரிந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. எரியவேண்டிய பியூஸ் எரியாவிட்டால், கம்பிதான் எரியும். அக்காலத்து எம்.ஜி.பி.யின் முன்விளக்குச் சுற்றுக்குப் பியூஸே இல்லை என்பதையும் அன்பர் அறிந்திருப்பது நன்று. தக்க ஒருவரைக் கொண்டு அதற்கெனத் தனி பியூஸ் ஒன்று பூட்டுவித்தல் வேண்டும்.

விற்கவேண்டாம் என்பதே நம் விடை. ஆயினும் விளக்குச் சோதனை முடியும்வரை இரவில் பெரகலைப் பக்கம் போகவேண்டாம். பகலில் பண்டாரவளை ஏற்றத்தில் முள் விழுந்ததா, இறங்கியதா என்பதை அன்பர் நமக்கு எழுதுவாராக.