அளவை எங்கிருந்து எடுப்பது?



தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்கல்லூரிக்குப் போய், கணினியில் 'ஆட்டோகேட்' கொண்டு வரைபடம் வரையக் கற்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. 1982-இல் வெளிவந்த மென்பொருள் அது. அதில் கோடு போடுவது சுலபம். அளவு குறிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஓர் இரும்புத் தகட்டில் வரிசையாக ஐந்து துளைகள் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து முதல் துளை 40 மில்லிமீட்டர். பிறகு துளைக்குத் துளை 40. ஒவ்வோர் அளவிலும் அரை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம் என்பது பட்டறைக்காரருக்கு நாம் தரும் சலுகை.

'கன்டினியூ' என்ற கட்டளையைக் கொடுத்தால், முந்திய அளவு முடிந்த இடத்திலிருந்து அடுத்த அளவு தொடங்கும். ஐந்து அரைகளும் ஒன்று சேர்ந்தால், கடைசித் துளை இரண்டரை மில்லிமீட்டர் வரை தள்ளிப் போகலாம். 'பேஸ்லைன்' கட்டளையிலோ எல்லா அளவும் ஓரத்திலிருந்தே வரும்: 40, 80, 120, 160, 200. கடைசித் துளைக்கும் பிழை அரை மில்லிமீட்டர்தான்.

கன்று நட முளைக்குச்சி அடித்தவர்களுக்கு இது புதிதல்ல. குச்சிக்குக் குச்சி கோல் வைத்து அளந்தால் வரிசையின் கடைசி எங்கோ போய் நிற்கும். தலைக்குச்சியிலிருந்தே நாடா பிடித்தால் அப்படி ஆகாது.

அப்படியானால் எப்போதும் பேஸ்லைன்தானா? அதுவும் சரியன்று. ஓரத்திலிருந்து அளக்கும்போது, பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். கீல் ஒன்று இரண்டு துளைகளில் உட்கார வேண்டுமானால், அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள அளவை நேராகவே குறிக்க வேண்டும். எந்த அளவு பிசகினால் பொருள் பொருந்தாதோ, அதை முதலில் எழுதுக. ஒரே படத்தில் இரண்டு முறைகளும் வரலாம்.

இன்னொன்று. கணினி காட்டும் எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணைக் கையால் தட்டாதீர்கள். பின்னால் படத்தை மாற்றினாலும், தட்டிய எண் மாறாமல் அப்படியே நிற்கும்.

பட்டறையில் இருப்பவர் கையில் உள்ளது அந்தத் தாள் மட்டுமே. அதை நம்பித்தான் அவர் இரும்பை வெட்டுகிறார். தாளில் பிசகினால் இரும்பும் வீண், ஒரு நாள் உழைப்பும் வீண்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டினால், "எங்கிருந்து அளந்தாய், ஏன் அங்கிருந்து?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால், பிள்ளை தொழிலைப் புரிந்துகொண்டது என்று நம்பலாம்.