சொந்த ஊரில் விருந்தாளி

2024ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தின் கடைக்கூற்றிலே ஒருநாட் பிற்பகல், நானும் என் மனைவியும் உதயதேவியில் வந்து மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் இறங்கினோம். எவ்வாறோ செய்தியறிந்து அங்கே காத்து நின்ற என் மைத்துனர் எங்கள் கைப்பெட்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சொந்த ஊருக்கு வந்து காசு குடுத்துத் தங்கிறீங்க. எங்கட ஊட்டுச் சோறு கசக்குதா மச்சான்?"

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒவ்வோராண்டும் மாரி தொடங்குமுன் நாங்கள் இருவரும் கொழும்பிலிருந்து முதலாம் வகுப்பிலே புகையிரதமேறி, வாவிக்கரையில் ஒரு விடுதியிலே நான்கு நாட்கள் தங்கி, வேண்டியதை வேண்டியவாறு உண்டு திரும்புகிறோம். இதனை ஊதாரித்தனம் என்பாருமுளர். வயது முதிர்ந்தபின் வந்த பித்து என்பாருமுளர். உறவினரை அவமதிக்கும் செயல் என்பாரும் உளர். இம்மூன்றுக்கும் விடை கூற வேண்டிய கடப்பாடு எனக்குண்டு. மைத்துனரிடம் நேரிற் சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலிற் பருவத்தைப் பற்றி ஒரு சொல். மேனாட்டார் இலையுதிர் காலத்தை உல்லாசப் பயணத்துக்குரிய காலமாகக் கொள்வர். நமக்கு இலையுதிர் காலம் ஏது? பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். அகத்திணையிற் கூடலுக்குரிய குறிஞ்சிக்கு அக்கூதிரையே பெரும்பொழுதாக வகுத்தனர். கணவனும் மனைவியும் அருகருகே இருத்தற்குரிய பருவம் அதுவென அவர்கள் கருதினர் போலும். மட்டக்களப்பிலோ கூதிர் என்பது வெள்ளமும் வாடையும் விதைப்பும் சேர்ந்த காலம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவில் அடித்த சூறாவளியை அனுபவித்தவர் எவரும் கார்த்திகை மாதத்தை உல்லாசத்தோடு சேர்த்து எண்ணமாட்டார். ஆகவே நாங்கள் தெரிந்துகொண்டது அதற்குச் சற்று முந்திய சில கிழமைகளையே. கச்சான் காற்று ஓய்ந்திருக்கும். வாடை இன்னும் பிறந்திராது. வாவி நீர் வற்றித் தெளிந்து, கண்ணாடிபோற் கிடக்கும். படுவான்கரையில் உழவர்கள் வரம்பு கட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் உழைக்கும் அவ்வூர் மூச்சு வாங்கிக்கொள்ளும் வேளை அது.

அடுத்தது புகையிரதம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் சொகுசுப் பேருந்துகள் உள்ளன; விரைவிற் கொண்டுபோய்ச் சேர்ப்பனவும் அவையே. இருந்தும் நாங்கள் புகையிரதத்தையே நாடுகிறோம். இந்நாட்டின் முதற்புகையிரதம் 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. அப்பாதை போடப்பட்டது மனிதர் இன்புறுதற்கன்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கே. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1883இல், பாரிசிலிருந்து கிழக்கு நோக்கி ஓரியன்ற் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிவிட்டது. வெண்டுகில் விரித்த மேசையும் வெள்ளிக் கரண்டியும் கொண்ட உணவு வண்டி அதிலிருந்தது. இந்தியாவிலும் 1982 முதல் மாளிகை போன்ற புகையிரதமொன்று இராசத்தானத்தைச் சுற்றி வரலாயிற்று. எங்கள் உதயதேவியில் வெண்டுகிலும் இல்லை, வெள்ளிக் கரண்டியும் இல்லை. கூடையைத் தோளிலே தாங்கிக்கொண்டு ஆடும் வண்டியில் ஆடாமல் நடந்து வருகிறவர் நீட்டும் இறால் வடை உண்டு. கடதாசிச் சுருளிலே கச்சான் கடலை உண்டு. மாகோச் சந்தி, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, மன்னம்பிட்டியில் மகாவலி, பின்பு புனானைக் காடு, வாழைச்சேனை, ஏறாவூர் என ஊர்கள் ஒவ்வொன்றாய் வந்து விடைபெறும். மின்னேரிப் பக்கத்துக் குளக்கரைகளில் யானைகள் திரளும் காலமும் அதுவே. ஆயினும் அந்த அழகுக்கும் ஒரு விலையுண்டு. 2025 பெப்ரவரியில் இப்பாதையில் ஓடிய இரவுப் புகையிரதம் கல்லோயாவுக்கருகே மோதி யானைகள் பல மாண்டன. விரைந்து போகவேண்டும் என்று முணுமுணுக்கும் பயணிகள் இதனையும் நினைத்தல் நன்று.

இப்பாதைமீது எங்களுக்குள்ள பற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்களுக்கு மணமானது 1974இல். அவ்வாண்டு இப்புகையிரதத்திலே கொழும்புக்கு ஒருமுறை சென்றோம். இடியப்பப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரத்தில் அமர்ந்திருந்த புதுப்பெண், "இனி எப்ப வருவம்?" என்று கேட்டாள். "அடுத்த வருசம்" என்றேன். அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. பிள்ளைகள் வந்தனர், சூறாவளி வந்தது, போர் வந்தது. 1990இல் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நாங்கள் சென்றது பயணமன்று, ஓட்டம். பின்னர் புகையிரதமும் மட்டக்களப்புக்கு வருவதை நிறுத்தியது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரே மீண்டும் வரத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்காலம் தமிழருக்குப் பயணம் என்றால் அடையாள அட்டை, சோதனைச் சாவடி, இறங்கி நடத்தல், மீண்டும் ஏறுதல் என்பனவே பொருளாயிருந்தன. அத்தகையோர் ஒருவரையொருவர் பார்த்தவாறு, எவருக்கும் அஞ்சாமல், காரணமெதுவுமின்றி ஒருநாள் புகையிரதத்தில் அமர்ந்து செல்வது ஊதாரித்தனமாகுமா? நான் அதனை நிலுவைக் கடன் தீர்த்தல் என்பேன்.

இனி உணவுக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மட்டுக்கருகே முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதாலேயே அங்கே இறாலும் நண்டும் செழித்து வளர்கின்றன. வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழும் கரையிலிருந்து மீனும் தேங்காயும். ஞாயிறு படும் கரையிலிருந்து நெல்லும் எருமைத் தயிரும். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை இட்ட நண்டுக் குழம்பு, முடிவிலே சட்டித் தயிர் என்று ஒரு தட்டு உங்கள் முன்வந்தால், இரண்டு கரைகளும் அத்தட்டிலே சந்தித்துக்கொண்டன என்று அறியுங்கள். 2007 வரையில் அச்சந்திப்பு எளிதாயிருக்கவில்லை. நடுவே காவலரண்கள் நின்றன. மண்முனையில் ஓடத்தை நம்பியிருந்தவர்களுக்குப் பாலம் கிடைத்தது 2014இலே. ஆகையால் இச்சோற்றை அருமையறிந்து உண்ணவேண்டும் என்கிறேன்.

'அருமையறிந்து உண்பதை உறவினர் வீட்டிலே உண்ணலாகாதா?' என்று மைத்துனர் கேட்பார். 'மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைப்பார்கள்' என்று நாடெங்கும் ஒரு பேச்சு வழங்குகிறது. மந்திரம் செய்வார்கள் என்பது அதன் வெளிப்பொருள். வந்தவரை எழுந்து போக மனம்வராதபடி உபசரிப்பார்கள் என்பதே உட்பொருளென எம்மூரார் பெருமையோடு கூறுவர். அப்பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் பாயில் ஒட்டியிருப்பவன் ஒருவனானால், அடுப்போடு ஒட்டியிருப்பவள் ஒருத்தி உண்டல்லவா? அவளைப் பற்றி அந்தப் பேச்சு ஒன்றும் சொல்வதில்லை.

எம் பகுதியின் மரபை அறிந்தவர்கள் இதன் முரணை உணர்வார்கள். மட்டக்களப்பிலே குடி தாய்வழி வருவது, வீடு பெண்ணுக்குரியது, மணமானபின் ஆணே பெண் வீட்டுக்குச் செல்கிறான். 'எங்கட ஊடு' என்று என் மைத்துனர் உரிமை கொண்டாடுவதும் அவருடைய மனைவியின் சீதன வீடே. என் மனைவியின் வீட்டையும் மரபுப்படி மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டோம். முக்குவர் சட்டம் பெண்ணின் சொத்துரிமையை எவ்வளவோ காத்தது எனப் படித்தோர் புகழ்வர். உண்மையே. வீட்டுக்கு உரிமைக்காரியாயிருந்தவள் அடுப்பங்கரையினின்றும் விடுதலை பெற்றாளா என்பதை மட்டும் எவரும் ஆராய்ந்ததாக நான் காணவில்லை. ஐம்பதாண்டுகளாக என் மனைவி எல்லாரும் உண்டபின்னரே உண்டாள். ஆறிய சோறும் சட்டியின் அடியிற் கிடந்த குழம்புமே அவள் பங்கு. இதனை நான் கண்டதில்லையா என்று கேட்பீர்கள். கண்டேன், அது உலக இயல்பு என்றிருந்துவிட்டேன். பல ஆண்டுகள் ஆசிரியனாயிருந்து பிறர் பிள்ளைகளுக்கு நீதிநூல் கற்பித்தவன் நான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கண்ணைத் திறந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. போர் முடிந்தபின் ஊருக்குச் சென்ற முதல் இரண்டு மூன்று தடவைகளும் உறவினர் வீடுகளிலேயே தங்கினோம். விருந்தாளியாய்ச் சென்ற என் மனைவி ஒரு நாழிகைக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி வேண்டாமென்பாள், இவள் கேட்கமாட்டாள். அங்கே சமைக்க இருவராயினர் என்பதே மிச்சம். ஒருமுறை பெருமழையால் வழியிலே தங்க நேர்ந்து, வாவியோரத்துச் சிறு உணவுக்கடை ஒன்றில் இரவு உண்டோம். நடுத்தர வயதுடைய பெண்ணொருத்தி ஆவி பறக்கும் புட்டையும் இறாற் குழம்பையும் கொண்டுவந்து என் மனைவியின் முன்னே முதலில் வைத்தாள். இவள் தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க சாப்பிடுங்கம்மா, ஐயாவுக்கு அடுத்தது வருது" என்றாள் அப்பெண். என் மனைவி ஒரு வாய் உண்டாள். சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு, நான் அதுவரை அவள் வாயிற் கேட்டறியாத சொற்களைச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் போடுங்க மனே."

அன்றிரவு தீர்மானித்தோம், ஆண்டுக்கொருமுறை இப்பயணம் உண்டென்று.

செலவைப் பற்றிய குற்றச்சாட்டும் தள்ளத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாட்டிலே உல்லாசம் பேசுவது சிலருக்குக் கசக்கும். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கடன்பட்டுச் செலவழிப்போரை எவரும் குறைகூறுவதில்லை என்பது ஒருபுறமிருக்க, எங்கள் பணம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் வெளியூரார் வரவு அற்றுப்போனது, தொடர்ந்து கொரோனா, அதன்பின் பொருளாதார நெருக்கடி. புட்டு அவிக்கும் பெண்ணும், நண்டு பிடிக்கும் தோணிக்காரரும், முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞனும் அக்காலத்தில் எவ்வாறு உண்டனர்? விருந்தாளி இல்லாத ஊரிலே சமைப்பவளுக்கும் சோறில்லை.

ஆனால் எல்லா உல்லாசத்தையும் நான் ஆதரிப்பதாக எண்ணவேண்டா. 2009க்குப் பின் பாசிக்குடாக் கரையோரத்தில் பெருவிடுதிகள் எழுந்தன. தோணி இழுத்த கரையைத் தாங்கள் இழந்தோமென்று மீனவர்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். கிழக்கிலே ஒரு பெருவிடுதியில் நாங்களும் ஒருமுறை தங்கினோம். அதன் பெயர் இங்கு வேண்டா. கரையில் நண்டு துள்ளிக்கொண்டிருக்க, மேசையிலே எவ்வூர்ச் சுவையென்று சொல்லமுடியாத பசையொன்றில் நண்டு மிதந்தது. விலையோ எங்கள் நான்கு நாட் செலவுக்குச் சமம். பரிமாறியவர்களுள் எவ்வூரென்று நாங்கள் கேட்ட எவரும் அவ்வூரினர் அல்லர். அவ்விடத்தின் மண்ணையும் மனிதரையும் மறைத்துவிட்டு அழகை மாத்திரம் விற்பது விருந்தன்று, வியாபாரம். நல்லுணவு என்பது விலையுயர்ந்த உணவன்று. யார் பிடித்தது, யார் சமைத்தது, அவர்களுக்கு உரிய கூலி கிடைத்ததா என்ற கேள்விகளுக்கு நாணாமல் விடை கூறக்கூடிய உணவே நல்லுணவு. வட மாகாணத்திலே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் போன்றவை வாவிக்கரை நெடுகிலும் பெருகவேண்டுமென்பது என் அவா.

இவ்வளவும் எழுதியபின் மைத்துனரின் கேள்விக்கு நேரான விடை இது: உங்கள் வீட்டுச் சோறு கசக்கவில்லை, மச்சான். அது இனிப்பதாலேயே அதன் விலை எனக்கு உறுத்துகிறது. அந்த விலையை நீங்களும் நானும் கொடுப்பதில்லை.

2024இல் நாங்கள் திரும்பும் நாளன்று விடைபெறுவதற்காக அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். தேநீர் அருந்தினோம், மைத்துனர் மறுபடியும் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. வாசல்வரை வந்தவள், என் மனைவியின் கையைப் பற்றி மெல்லக் கேட்டது என் காதிலும் விழுந்தது:

"அடுத்தமுறை என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா மச்சாள்?"

வரும் புரட்டாதியில் இரண்டு அறைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மைத்துனர் வருவதும் வராததும் அவர் விருப்பம்.