எக்ஸ்சேஞ்சில் போடும் முன் டிரம்மைச் சுற்றிப் பாருங்கள்!

பத்து வருஷம் உழைத்த ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின், ஸ்பின் ஆகும்போது லாரி மாதிரி இரைகிறதா? ‘எக்ஸ்சேஞ்சில் போட்டுடலாம்’ என்ற பேச்சு வீட்டில் கிளம்பியிருக்குமே! கொஞ்சம் பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று அரைத்தால், விளிம்பைத் தூக்கும்போது டிரம் மட்டும் தனியாக ஆடினால், பெரும்பாலும் அது பேரிங் கோளாறுதான். ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் கசிந்து, பேரிங் துருப்பிடித்திருக்கும். ‘மோட்டார் போச்சு’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

பழைய மாடல்கள் பலவற்றில் வெளித்தொட்டியைக் கழற்றி, பேரிங்கையும் சீலையும் மட்டும் மாற்றலாம். புது மெஷின்கள் பலவற்றில் தொட்டியை ஒட்டியே மூடிவிடுகிறார்கள். பேரிங் போனால் தொட்டியோடு மாற்றச் சொல்வார்கள். அந்த வகையில் பழசுதான் சமர்த்து! கழற்றும்போது டிரம்மின் முதுகில் இருக்கும் மூன்று கை அலுமினியத் தாங்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அரித்துப்போயிருந்தால் செலவு கூடும். அப்போது எக்ஸ்சேஞ்சை யோசிக்கலாம். சோப்புத் தூளை அள்ளிப்போட்டு, எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்தால் அங்கே பிசுக்கு சேர்ந்து அரிக்கும்.

போர் தண்ணீர் வீடுகளில் ஹீட்டரில் உப்பு படியும். அவ்வப்போது டிஸ்கேலிங் பவுடர் போட்டு, துணியில்லாமல் வெந்நீரில் ஓட்டுங்கள். துவைத்த பிறகு கதவைச் சற்றே திறந்து வைத்தால் ரப்பரில் பூஞ்சை பிடிக்காது. சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்த அறையைப் பூட்டிவிடுங்கள்.